காரணம்: இருபது எழுத்துக்குள்

நாடு இந்த வாரம் எதற்குத் தாகமெடுத்து அலைகிறது என்று திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குள் சொல்லியாக வேண்டும். அதுதான் பியோன் ஹேரானின் வேலை. சியோலில் ஒரு பானக் கம்பெனியின் ஏழாம் மாடியில் உட்கார்ந்து, போன வாரம் ஜனங்கள் தேடல் பெட்டியில் எந்தெந்தப் பானத்தின் பெயரைத் தட்டினார்கள் என்று பார்ப்பாள். தேடலைக் காட்டும் கோடு ஏறினால் கம்பெனி அதை டின்னில் அடைக்கும். இறங்கினால் கை கழுவிவிடும். தேடுகிறவர்கள் எல்லோரும் குடிக்க ஆசைப்பட்டுத்தான் தேடுகிறார்கள் என்று அந்த மாடியில் அத்தனை பேரும் நம்பினார்கள். உங்களுக்கு அப்படி யார் சொன்னது என்று கேட்டால் ஒருத்தருக்கும் பதில் தெரியாது.

தேடல் தளம் ஆள் கணக்கைக் காட்டாது. எந்தப் பானமானாலும் மிக அதிகம் தேடப்பட்ட நாளுக்கு நூறு என்று போட்டு, மற்ற நாள்களை அதற்கு எதிரே வைத்து அளந்து கொடுக்கும். நாளைக்கே அதைவிடப் பெரிய நாள் ஒன்று வந்தால் அது நூறாகும், பழைய நூறு சுருங்கி நாற்பதோ ஐம்பதோ ஆகிவிடும். கம்பெனியின் பானம் ஒன்று புது நூறைத் தொட்டால் கூட்ட அறையில் கேக் வெட்டுவார்கள்.

அறிக்கையின் கடைசிக் கட்டத்துக்கு 'காரணம்' என்று பெயர். கோடு ஏன் ஏறியது என்று அதில் எழுத வேண்டும். இருபது எழுத்துக்கு மேல் அந்தக் கட்டம் வாங்காது. "இருபது எழுத்துக்குள்ள சொல்ல முடியலேன்னா அது காரணமே இல்ல, கதை" என்று குழுத் தலைவர் மா சொல்வார். வெயில். நடிகை குடித்தார். பேஸ்பால் இறுதி ஆட்டம். பத்தொன்பது மாதமாக ஹேரான் இப்படித்தான் எழுதி வந்தாள்.

பத்தொன்பது மாதம் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். இரண்டு வருடம் முடித்த ஒப்பந்த ஆளை நிரந்தரமாக்க வேண்டும் என்பது சட்டம். அதனால் இருபத்து மூன்றாம் மாதத்தில் ஒரு பூங்கொத்தைக் கையில் திணித்து வாசல்வரை கொண்டு விட்டுவிடுவது எல்லா இடத்திலும் வழக்கம். நிரந்தர ஆள்களின் கழுத்தில் அடையாள அட்டை நீல நாடாவில் தொங்கும், ஒப்பந்த ஆள்களுக்குச் சாம்பல் நாடா. ஹேரானுக்கு வயது முப்பத்தொன்று. இதற்குமுன் இரண்டு கம்பெனிகளில் இரண்டு பூங்கொத்து வாங்கியாயிற்று. கடலோர ஊரான குன்சானில் அம்மா மீன் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். சியோலில் தேர்வுக்குப் படிப்பவர்கள் அறையெடுத்துத் தங்கும் நோர்யாங்ஜினில் தம்பி டோங்க்யூ ஐந்தாம் முறையாக அரசு குமாஸ்தா தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தான். அவன் அறை வாடகை இவள் சம்பளத்தில்தான் போனது. மூன்றாவது பூங்கொத்தை இவளால் தாங்க முடியாது.

ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை, இதுவரை காதில் விழாத ஒரு பெயர் பட்டியலில் நின்றது. 'ஆறு மணிக் கலவை'. டிசம்பரில் நாலு. இப்போது முப்பத்தேழு. தேடுகிறவர்கள் பத்தொன்பதிலிருந்து முப்பது வயதுக்குள். எந்தக் கடையிலும் அப்படி ஒரு சரக்கு இல்லை. எந்தப் பகுதியில் தேடுகிறார்கள் என்று வரைபடத்தைத் திறந்தால், நோர்யாங்ஜின் மட்டும் அடர்சிவப்பாக இருந்தது.

உடனே தம்பியைக் கூப்பிட்டாள்.

"அய்யய்யே, அக்கா! இதுகூடத் தெரியாம நீ பானக் கம்பெனியில என்னத்தப் புடுங்குற?" என்று சிரித்தான். "சனிக்கிழமை வா. கையால கலந்து தர்றேன்."

சனிக்கிழமை மத்தியானம் அம்மா அனுப்பிய கிம்ச்சி ஊறுகாய் டப்பாவையும் வறுத்த நெத்திலியையும் தூக்கிக்கொண்டு போனாள். நோர்யாங்ஜின் தெருவில் எல்லோரும் காலில் ரப்பர்ச் செருப்பும், முதுகில் பையுமாக நடந்தார்கள். கப்பில் சோறு விற்கும் வண்டிகளுக்கு முன்னால் நின்றபடியே பத்து நிமிடத்தில் தின்று முடித்தார்கள். டோங்க்யூ மூலைக் கடை வாசலில் பிளாஸ்டிக் மேசை பிடித்து வைத்திருந்தான். இளைத்திருந்தான். ஐஸ் நிரப்பிய பெரிய கப்பில் இரண்டு பாக்கெட் காப்பித் தூளைக் கொட்டி, ஒரு டின் எனர்ஜி டிரிங்க்கை ஊற்றி, மீதிக்கு விளையாட்டுக்காரர்கள் குடிக்கும் இனிப்புத் தண்ணீரை நிரப்பினான்.

"குடி. ரெண்டு கண்ணும் ஆணி அடிச்ச மாதிரி நிக்கும்."

ஒரு வாய் குடித்தாள். நாக்கு சுருண்டது. "தூ! சாக்கடைத் தண்ணி."

"சாக்கடையக் குடிச்சாத்தான் அரசாங்க உத்தியோகம்."

"ஏன்டா ஆறு மணின்னு பேரு?"

"எங்க படிப்புக் குழுவுல விடிகாலை ஆறு மணிக்கு அவனவன் மேசையப் போட்டோ எடுத்துப் போடணும். புத்தகம் திறந்திருக்கணும், பக்கத்துல கடிகாரம் தெரியணும். போடலைன்னா பேருக்கு எதிர்க்கச் சிவப்புப் புள்ளி. மூணு புள்ளி வாங்கினா வெளிய போ. தூங்கி எழுந்து ஆறு மணிக்குப் போடுறவன் மனுஷன். தூங்காமலே ஆறு மணியத் தொடுறவன் பாஸ் பண்றவன். அதுக்குத்தான் இது."

"ஒரு நாளைக்கு எத்தனை?"

"ரெண்டு. தேர்வு நெருங்குனா மூணு."

நெத்திலியை எடுக்க நீட்டிய அவன் விரல்கள் நடுங்கின. குளிர்தானே என்று அவளாகவே சொல்லிக்கொண்டாள்.

திங்கட்கிழமை அறிக்கையில் 'காரணம்' கட்டத்தில் 'தேர்வர்கள் கலப்பது' என்று எழுதினாள். மா அதை மூன்று தடவை படித்தார். ஐம்பதைத் தாண்டிய மனிதர், வயிற்றெரிச்சல் மாத்திரையை மிட்டாய் மாதிரி மெல்லுகிறவர். மூன்று வருடமாக அவர் குழு கண்டுபிடித்த எந்தப் பானமும் கடையில் நிற்கவில்லை. மேலே அவரையும் அனுப்பிவிடப் பார்க்கிறார்கள் என்று ஏழாம் மாடி முழுக்கத் தெரியும்.

"ஹேரான், இது நம்ம உயிர்" என்றார். "இத டின்னுல அடைச்சிட்டா உனக்கு நீல நாடா. நான் பாத்துக்கறேன்."

பிப்ரவரியில் ஐம்பத்தெட்டு. மார்ச்சில் எண்பது. தொழிற்சாலையில் மாதிரி காய்ச்சினார்கள். பெயரைக் குறுக்கி 'ஆறு மணி' என்று வைத்தார்கள். ஒரு டின்னில் எவ்வளவு காப்பிச் சத்து இருக்கலாம் என்று சட்டம் சொல்கிறதோ அதற்கு ஒரு மயிரிழை கீழே நிறுத்தினார்கள். ஒரு டின்னோடு எவன் நிறுத்துவான் என்பதைப் பற்றிச் சட்டம் ஒன்றும் சொல்லவில்லை.

வெளியீட்டுக்குமுன் இறுதி அறிக்கை கேட்டார்கள். பெயரோடு சேர்த்து ஜனங்கள் வேறென்ன சொற்களைத் தட்டுகிறார்கள் என்ற பட்டியலை அதற்காக ஹேரான் முதல் முறையாகக் கடைசிவரை இறக்கிப் பார்த்தாள். கம்பெனியில் ஒரு விதி உண்டு. 'எங்கே கிடைக்கும்', 'எப்படிக் கலப்பது' என்று பெரிய சொற்கள் தனித்தனியாக அறிக்கையில் வரும். நூற்றுக்கு ஐந்துக்குக் கீழே இருக்கும் சில்லறைச் சொற்களை எல்லாம் மொத்தமாக 'மற்றவை' என்று ஒரே வரியில் தள்ளிவிட வேண்டும். அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை.

அவள் திறந்தாள். ஆறு மணிக் கலவை நெஞ்சு படபடப்பு. ஆறு மணிக் கலவை இதயம் வேகம். ஆறு மணிக் கலவை கை நடுக்கம். ஆறு மணிக் கலவை மூச்சு வாங்குது. ஆறு மணிக் கலவை மயக்கம் வந்தா. ஆறு மணிக் கலவை இடது கை மரத்துப் போச்சு. ஒவ்வொருத்தனும் தன் பயத்தைத் தனக்குத் தெரிந்த வார்த்தையில் தட்டியிருந்தான். ஒன்றில் மூன்று, இன்னொன்றில் ஒன்றரை, இன்னொன்றில் அரை. எதுவும் ஐந்தைத் தொடவில்லை. எல்லாவற்றையும் கூட்டினால் முப்பத்தொன்று வந்தது. மூன்றாம் முறை கூட்டியபோதும் முப்பத்தொன்றுதான்.

பட்டியலை அச்செடுத்துக்கொண்டு மாவின் அறைக்குப் போனாள்.

"எல்லாம் அஞ்சுக்குக் கீழதானே?" என்றார் மா, காகிதத்தைக் கையில்கூட வாங்காமல்.

"ஒவ்வொண்ணும் கீழதான் சார். கூட்டினா முப்பத்தொண்ணு. மூணுல ஒருத்தர் உடம்பு முடியாமத் தேடுறாங்க சார். கோடு ஏறுறதுக்கு அதுவும் ஒரு காரணம்."

"நீ ஏம்மா கூட்டுற? உன்னக் கூட்டச் சொன்னது யாரு?"

அவள் காகிதத்தை மேசைமேல் வைத்து அவர் பக்கம் நகர்த்தினாள்.

"காப்பி குடிச்சா யாருக்குத்தான் படபடக்காது? என் பொண்டாட்டி போன் பண்ணாக்கூட எனக்குப் படபடக்குது. அதுக்காக அவள ஊருக்கு அனுப்பிடவா?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, குரலை இறக்கினார். "இருபத்தோராவது மாசம் இல்ல உனக்கு? மேல உன் பேர எழுதிக் குடுத்துட்டேன். இப்ப இந்தக் காகிதம் மேல போனா பானமும் நின்னு போகும், நீயும் வெளிய நிப்ப, நானும் வெளிய நிப்பேன். விதி இருக்கு. விதிப்படி செய்."

கெட்ட வார்த்தை ஒன்று அவள் தொண்டைவரை வந்தது. அதோடு மூன்றாவது பூங்கொத்தும், அம்மாவின் உப்பேறிய கைகளும், தம்பியின் அறையும் சேர்ந்து வந்தன. விதிப்படி செய்தாள். 'மற்றவை: 31'. அவ்வளவுதான், ஒரே வரி. அந்த வரியை அவள்தான் எழுதினாள், மா எழுதவில்லை. இதை இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பின்னால் அவள் எவ்வளவு அழுதாலும் அந்த வரி அவள் கையெழுத்துதான்.

ஏப்ரல் தேர்வில் டோங்க்யூ ஒன்றரை மதிப்பெண்ணில் தோற்றான். ஜூனில் வரும் தேர்வுதான் கடைசி, அதிலும் போனால் குன்சானுக்கு வந்து மீன் காயப்போடுகிறேன் என்று அம்மாவிடம் சத்தியம் செய்தான்.

மே மாதம் டின் வந்தது. கறுப்பு டின், அதில் ஆறைக் காட்டும் வெள்ளைக் கடிகாரம். வெளியான நாள் நூறு. கேக் வெட்டினார்கள். இருபத்து மூன்றாம் மாதம் முடிய நாலு நாள் இருக்கையில் ஹேரானின் கழுத்தில் நீல நாடா ஏறியது. அன்றைக்குச் சிரித்த மாதிரி அவள் பல வருடமாகச் சிரித்ததில்லை. நிரந்தர ஆள்களுக்கு மாதம் இரண்டு பெட்டி பானம் இலவசம். எந்தப் பானம் வேண்டும் என்று கேட்டார்கள். தம்பி கேட்டிருந்ததைச் சொன்னாள்.

இரண்டு பெட்டியையும் சுரங்க ரயிலில் மடியில் வைத்துத் தூக்கிப்போனாள். டோங்க்யூவின் அறையில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தால் முழங்கால் மேசையில் இடிக்கும். பெட்டிகளைக் கட்டிலுக்கடியில் தள்ளினார்கள்.

"அடேயப்பா, நிரந்தர அம்மா வந்திருக்காங்க!" என்று அவள் கழுத்து நாடாவைப் பிடித்து இழுத்தான். "இனிமே கலக்கிற வேலைகூட இல்ல. உடைச்சு ஊத்த வேண்டியதுதான்."

"டேய், ஒரு நாளைக்கு ஒண்ணு. அதுக்கு மேல குடிக்காத."

"நீயே விக்கிற, நீயே குடிக்காதங்கிற. என்ன கம்பெனி இது?"

"நெஞ்சு கிஞ்சு படபடங்குதாடா?"

அவன் பெட்டியைக் காலால் இன்னும் உள்ளே தள்ளினான். "தேர்வுன்னா எல்லாருக்கும் படபடக்கும் அக்கா" என்றான்.

அந்தப் பட்டியலைப் பற்றி அப்போதே அவனிடம் சொல்லியிருக்கலாம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பியிருக்கலாம். முப்பத்தொன்று என்று சொன்னால், அதை நீ என்ன செய்தாய் அக்கா என்று கேட்பான். அந்தக் கேள்விக்குப் பயந்து, சோறு ஒழுங்காகத் தின்னு என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது, புதன்கிழமை காலை ஆறு மணிக்கு டோங்க்யூவின் மேசைப் போட்டோ வரவில்லை. குழுவில் அவன் பேருக்கு எதிரே சிவப்புப் புள்ளி வைத்தார்கள். வியாழனும் வரவில்லை. இரண்டாம் புள்ளியை வைத்துவிட்டு, குழுவில் இருந்த சோதாம் என்ற பெண் போய் அறைக் கதவைத் தட்டினாள். வீட்டுக்காரர் சாவி போட்டுத் திறந்தார். மேசைமேல் தலை சாய்த்துக் கிடந்தான். தூக்கமில்லாமல் கிடந்த உடம்பு, இதயம் நின்றுவிட்டது என்றார் மருத்துவர். வயது இருபத்தெட்டு.

கம்பெனி விதிப்படி அப்பா அம்மா இறந்தால் ஐந்து நாள் விடுப்பு. கூடப் பிறந்தவர் இறந்தால் ஒரு நாள்.

வெள்ளிக்கிழமை மருத்துவமனையின் இழவுக்கூடத்தில் அம்மாவும் மகளும் கறுப்பு உடையில் படத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நிரந்தர ஆளின் வீட்டில் இழவு என்றால் கம்பெனியிலிருந்து மூன்றடுக்கு மலர் வளையம் வரும். கம்பெனி பெயர் போட்ட காகிதத் தட்டும் கிண்ணமும் கப்பும் வரும். பானக் கம்பெனி அல்லவா, குடிக்கவும் வரும். மத்தியானம் வேனில் ஆறு பெட்டி இறங்கியது. இரண்டு பார்லித் தண்ணீர், இரண்டு சோடா, இரண்டு ஆறு மணி. என்ன பெட்டி என்று பார்க்காமல் சமையல்கார அம்மாக்கள் பிரித்து எல்லா மேசையிலும் அடுக்கிவிட்டார்கள்.

படிப்புக் குழுவினர் எட்டுப் பேர் வந்தார்கள். படத்துக்கு முன்னால் விழுந்து வணங்கினார்கள். மாட்டிறைச்சிக் குழம்பில் சோற்றைப் போட்டு அவசரமாகத் தின்றார்கள். இன்னும் எட்டே நாள், படிக்கப் போக வேண்டும். பழக்கத்தில் கை தானாகவே கறுப்பு டின்னை எடுத்தது. ஒன்று, இரண்டு என்று டின்கள் உடையும் சத்தம் வரிசையாகக் கேட்டது. ஹேரான் ஓடிப்போய் ஒருவன் கையிலிருந்து டின்னைப் பறித்தாள். அது அவள் கறுப்பு உடைமேல் கொட்டியது.

"குடிக்காதீங்க! யாரும் குடிக்காதீங்க!"

எட்டுப் பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். சோதாம் அவள் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"அக்கா, அவனுக்கு ரெண்டு மூணு மாசமாவே நெஞ்சு படபடன்னுதான் இருந்துச்சு" என்றாள் சோதாம், மூக்கை உறிஞ்சியபடி. "பயந்து போய் நூலகத்துல என் பக்கத்துல உக்காந்து போன்ல தேடினான். ஆறு மணின்னு தட்டினதுமே நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம்னு கீழ வரிசையா அதுவா வந்துச்சு. 'பாத்தியா, ஊருக்கே வருது. அப்ப இது சாதாரணம்தான்'ன்னு சிரிச்சான். அதோட விட்டுட்டான்."

ஊருக்கே வருகிறது என்று அவனும் பார்த்திருக்கிறான், ஹேரானும் பார்த்தாள். அவன் பயத்தை விட்டுவிட்டான். அவளுக்குப் பயப்பட வேண்டும் என்று தெரிந்திருந்தது, அவளும் விட்டுவிட்டாள்.

சத்தம் கேட்டு அம்மா வந்தாள். மகளின் நனைந்த உடையைக் கையால் துடைத்தாள். பிறகு கீழே உருண்ட டின்னை எடுத்து, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"இதத்தான் குடிச்சானா பிள்ள? என்னதுடி இது?"

"காப்பி மாதிரி ஒண்ணும்மா."

"உங்க கம்பெனிப் பேரு போட்டிருக்கு."

"ஆமாம்மா."

அம்மா வேறெதுவும் கேட்கவில்லை. டின்னை மேசைமேல் நிமிர்த்தி வைத்துவிட்டு, மகன் படத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். திட்டியிருந்தால் ஹேரானுக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். பாவி, அதற்குக்கூட அவளுக்குக் கொடுத்து வைக்கவில்லை.

சனிக்கிழமை எரித்தார்கள். அன்றைக்குச் சாயங்காலம் தேர்வர்கள் கூடும் இணையப் பலகையில் சோதாம் பெயர் போடாமல் நாலு வரி எழுதினாள். எங்கள் மேசை வரிசையில் ஒருத்தன் போய்விட்டான், ஆறு மணி குடிக்கிறவர்கள் உங்கள் நெஞ்சைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. அவ்வளவுதான். நாடு முழுக்கப் பொந்து அறைகளில் உட்கார்ந்திருந்தவர்கள் அதைப் படித்தார்கள். படித்தவர்கள் எல்லோரும் தேடல் பெட்டியைத் திறந்தார்கள்.

திங்கட்கிழமை காலை எட்டே முக்காலுக்கு ஹேரான் ஏழாம் மாடிக்கு வந்தபோது, கூட்ட அறையில் கேக் பெட்டி பிரித்து வைக்கப்பட்டிருந்தது. மா அவளைக் கண்டதும் எழுந்து வந்து இரண்டு கையாலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உன் தம்பி விஷயம் ரொம்ப வருத்தமா இருக்கும்மா. சின்ன வயசு." அது நிஜமான வருத்தம்தான். பிறகு அடக்க முடியாமல் முகம் மலர்ந்தது. "இந்த நேரத்துல சொல்லக்கூடாது. ஆனா பாரு, ஆறு மணி ஞாயித்துக்கிழமை புது நூறு! மே மாச நூறு இப்ப முப்பத்தெட்டு ஆயிடுச்சு. அவ்வளவு பெரிய ஏத்தம். என்ன காரணம்னுதான் ஒருத்தருக்கும் பிடிபடல. இன்னும் எந்த விளம்பரமும் போடல நாம. மேலேருந்து ரெண்டு தடவை கேட்டுட்டாங்க. நீ பாத்தா சொல்லிடுவ."

அவள் தன் இடத்தில் உட்கார்ந்தாள். பெரிய திரையில் அறிக்கை திறந்திருந்தது. கோடு தரையோடு ஊர்ந்து வந்து, சனிக்கிழமை சாயங்காலத்தில் சுவர் மாதிரி எழுந்து நின்றது. கடைசிக் கட்டம் காலியாக இருந்தது. மேசையைச் சுற்றிப் பதினோரு பேர், கேக்குக்குக் காகிதத் தட்டுகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். இழவுக்கூடத்தில் பார்த்த அதே தட்டுகள், அதே கம்பெனிப் பெயர்.

முதலில் 'மற்றவை' வரியைத் திறந்து, உள்ளே இருந்த சொற்களை ஒவ்வொன்றாகத் திரையில் விரித்தாள். நெஞ்சு வலி. மூச்சு. மயக்கம். யார் செத்தது. எத்தனை குடித்தால் சாவு. பட்டியல் திரைக்குக் கீழே ஓடிக்கொண்டே இருந்தது. அடியில் கூட்டுத் தொகை போட்டாள். தொண்ணூற்று நாலு.

"ஹேரான், அத மூடும்மா" என்றார் மா. "அது மத்தவை. காரணத்த மட்டும் எழுது."

அவள் காரணக் கட்டத்தில் எழுதினாள்.

'என் தம்பி செத்துப்போனான். நான் கொடுத்தேன்.'

அனுப்பும் பொத்தானை அழுத்தினாள். அறிக்கை கம்பெனியில் நாற்பது பேருக்குப் போயிற்று. தட்டு அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். மா கேக் வெட்டும் பிளாஸ்டிக் கத்தியைக் கையில் பிடித்தபடி திரையைப் படித்தார், பிறகு அவளைப் பார்த்தார், மறுபடியும் படித்தார்.

ஹேரான் கழுத்திலிருந்து நீல நாடாவைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"இருபது எழுத்துக்குள்ளதான் சார் இருக்கு" என்றாள்.